நள்ளிரவில் நிலையத்தில் இருந்த ஆள்

அமெரிக்காவின் சிற்றூர் வானொலி நிலையங்களில் 1950களிலும் 60களிலும் நள்ளிரவு தாண்டி ஒலிபரப்பு நடந்தது என்றால், பணியில் கட்டாயம் ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலும் ஒரே ஓர் ஆள். இசைத்தட்டை மாற்றியவர், செய்தி வாசித்தவர், தொலைபேசியை எடுத்தவர் எல்லாம் அவரே. அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. தனிமை வரும், ஆறிப்போன காபி வரும், தூக்கம் பிடிக்காத நேயர்களின் அழைப்புகள் வரும். அவர் எதற்காக அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்கான விடையைச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 318ஆம் பிரிவு, ஒலிபரப்பியை உரிமம் பெற்ற இயக்குநர்தான் இயக்க வேண்டும் என்று விதித்தது. ஊருக்கு ஆபத்து வந்தால் எச்சரிக்க ஆள் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பிரிவில் இல்லை. கருவியைப் பற்றிய கவலைதான் இருந்தது. அன்றைய ஒலிபரப்பிகள் வால்வுகளால் ஆனவை. சூடேறச் சூடேற அலைவரிசை நழுவும், மின்திறன் ஏறி இறங்கும். ஒரு நிலையம் தன் இடத்திலிருந்து பிசகினால் இன்னொரு நிலையத்தின் நேயர்களுக்கு இரைச்சல்தான் கேட்கும். ஆகவே ஒருவர் அளவுமானிகளுக்கு முன்னால் இருந்து, அரைமணிக்கு ஒருமுறை கடைசி வால்வின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும், ஆன்டெனாவுக்குப் போகும் மின்னோட்டத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

ஊர்க்காவலர் என்றும், விழித்திருப்பவர்களின் துணை என்றும் நாம் நினைவில் வைத்திருக்கும் இரவு அறிவிப்பாளர் வால்வுகளின் நிலையின்மையால் வேலைக்கு வந்தவர். அந்தக் குறை தீர்ந்தபோது அவர் தேவைப்படாமல் போனார். கருவியைக் கவனித்ததோடு கூடவே அவர் செய்துவந்த மற்ற வேலைகளை இனி யார் செய்வது என்று எவரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அமெரிக்க உள்ளூர் வானொலியின் இரவு வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இரவு என்பது மத்திய அலை ஒலிபரப்புக்கே தனிச் சிக்கல். பகலில் சூரிய ஒளியால் உருவாகும் ‘டி’ அடுக்கு என்ற வளிமண்டல மேலடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். நிலையத்தின் குரல் சுற்றுவட்டாரத்தோடு நிற்கும். இருட்டியதும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அலைகள் இன்னும் உயரத்தில் உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். ஒரே அலைவரிசையில் பல ஊர்களில் நிலையங்கள் இருந்ததால், எல்லாரும் இரவிலும் முழுத் திறனில் ஒலிபரப்பினால் எதுவும் யாருக்கும் கேட்காது. அதனால் பகல் உரிமம் மட்டுமே பெற்ற நிலையங்கள் சூரியன் மறைந்ததும் மூடிவிட வேண்டும். வேறு பல நிலையங்கள் திறனைக் குறைத்து, பல கோபுரங்களைக் கொண்டு அலையைக் குறிப்பிட்ட திசைகளுக்கு மட்டும் செலுத்த வேண்டும். 50 கிலோவாட் திறன் பெற்ற சில பெரிய நிலையங்களுக்கு மட்டுமே இரவு முழுக்கத் திறந்த வானம் கிடைத்தது.

இதன் விளைவு ஊதியப் பட்டியலில் தெரிந்தது. திசை செலுத்தும் ஆன்டெனா இயங்கும்போது முதல் வகுப்பு உரிமம் உள்ளவர் பணியில் இருந்தே ஆக வேண்டும். பல நிலையங்களில் அந்த ஆன்டெனா இரவில்தான் இயங்கியது. கேட்பவர் குறைவு, விளம்பரம் குறைவு, சம்பளமும் குறைவு என்ற அந்த நேரத்துக்குத்தான் உயர்ந்த உரிமம் தேவைப்பட்டது. சிறு நிலைய முதலாளிகளால் பொறியாளருக்கு ஒரு சம்பளம், அறிவிப்பாளருக்கு ஒரு சம்பளம் என்று கொடுக்க முடியவில்லை. இரண்டையும் ஒருவரே பார்க்கும் ‘காம்போ’ ஆட்களைத் தேடினார்கள். ‘ஃபர்ஸ்ட் ஃபோன்’ வைத்திருக்கிறாயா என்பது வேலை தேடிவந்த அறிவிப்பாளரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. முதல் வகுப்பு ரேடியோ தொலைபேசி உரிமத்துக்கு அந்தத் தொழிலில் வழங்கிய பெயர் அது. அதற்கான தேர்வை எழுத ஆறு வாரத்தில் தயார் செய்யும் தனியார் பள்ளிகள் தோன்றின. மாணவர்கள் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்து தேறினார்கள். சுற்று வரைபடத்தைப் படிக்கத் தெரியாத பல இளைஞர்கள் இப்படி உரிமத்தோடு நள்ளிரவுப் பணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கருவி பழுதானால் தலைமைப் பொறியாளரை வீட்டில் எழுப்புவதுதான் அவர்கள் செய்யக்கூடிய பழுதுபார்ப்பு. தகுதியை உறுதிப்படுத்த எழுந்த விதி, பல இடங்களில் ஆள் இருப்பதை மட்டுமே உறுதிப்படுத்தியது.

விதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால் ஒரு தளர்வு. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1953இல் 10 கிலோவாட் வரையுள்ள, திசை செலுத்தாத நிலையங்களை ஸ்டுடியோவிலிருந்தே தொலைவில் நின்று இயக்க அனுமதித்தபோது இன்னொன்று. அதுவரை ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அங்கே வேலையில்லை. ஸ்டுடியோவில் இருந்த அறிவிப்பாளரே மானிகளையும் பார்த்துக்கொண்டார். நிலையத்துக்கு இரண்டு பேர் என்பது ஒருவராகச் சுருங்கியது இப்படித்தான். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த ஆட்குறைப்பு இது.

அந்த ஒருவரின் ஓர் இரவு எப்படிக் கழிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மணிக்கு ஒருமுறை நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும், அது சட்டம். மூலையில் ஏ.பி. அல்லது யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டர் காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருக்கும். அவசரச் செய்தி என்றால் அதன் மணி அடிக்கும். ஒரு பாட்டு ஓடும் மூன்று நிமிடத்துக்குள் அந்தக் காகிதத்தைக் கிழித்து, வானிலையைத் தனியாக, விளையாட்டு முடிவுகளைத் தனியாகப் பிரித்து ஆணியில் மாட்ட வேண்டும். ஓடிய விளம்பரங்களை நேரத்தோடு நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கழிப்பறைக்குப் போவதற்கென்றே நீளமான பாட்டு ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருப்பார்கள்.

வார இறுதி இன்னொரு வகை. ஞாயிறு காலையில் மூத்த அறிவிப்பாளர்கள் யாரும் வரமாட்டார்கள். காசு கொடுத்து நேரம் வாங்கிய மதப் பிரசங்கிகளின் நாடாச் சுருள்கள் தபாலில் வந்து அலமாரியில் அடுக்கியிருக்கும். அவற்றை வரிசையாக ஓட்டுவதற்கு உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் வருவான். கோடையில் பேஸ்பால் ஆட்டம் என்றால், வலையமைப்பிலிருந்து வரும் வர்ணனையை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்து, குறிப்பிட்ட சொல் காதில் விழுந்ததும் உள்ளூர் விளம்பரத்தைச் செருக வேண்டும். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் அவன் வீட்டுக்குப் போவதும் தள்ளிப்போகும். அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் பின்னாளில் பெயர் பெற்ற எத்தனையோ பேர் இந்த நாற்காலியிலிருந்து கிளம்பியவர்கள். அவர்கள் பிழை செய்து கற்றுக்கொண்டது, பிழை செய்தாலும் பெரிய நட்டமில்லாத நேரத்தில்.

ஞாயிறு நள்ளிரவு கடந்து திங்கள் விடியும்வரை பல நிலையங்கள் அறவே மூடியிருந்தன. பராமரிப்புக்கான நேரம் அது. பொறியாளர்கள் ஒலிபரப்பியைத் திறந்து தூசி தட்டினார்கள், அளவெடுத்தார்கள், சோதனை ஒலி அனுப்பினார்கள். தொலைதூர நிலையங்களைப் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அந்த அமைதிக்காகவே திங்கள் விடியலில் கண்விழித்தார்கள். உள்ளூர் நிலையம் ஓய்ந்தால்தான் அதே அலைவரிசையில் இருக்கும் தூரத்து நிலையம் காதுக்கு எட்டும்.

விற்பனைக்கு உதவாத நேரம் என்பதால் இரவில் நிர்வாகத்தின் பிடி தளர்ந்தது. இதன் பண்பாட்டுப் பலன் மிகப் பெரிது. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எல்.ஏ.சி. பகலில் சராசரியான நிலையம். இரவிலோ 1940களின் பிற்பகுதியிலிருந்து ஜீன் நோபிள்ஸ், ஜான் ரிச்பர்க், ஹாஸ் ஆலன் ஆகியோர் 50 கிலோவாட் திறனில் ரிதம் அண்ட் புளூஸ் இசையைப் பாதி நாட்டுக்குக் கேட்கச் செய்தார்கள். மூவரும் வெள்ளையர்கள். உள்ளூர்க் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் நோபிள்ஸ் அந்த இசைத்தட்டுகளை ஓட்டத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. விளம்பரம் கொடுத்தவர்களில் காலட்டின் ஊரிலிருந்து தபாலில் இசைத்தட்டு அனுப்பிய கடைக்காரர் உண்டு, கோழிக்குஞ்சு விற்றவர்களும் உண்டு. பகலில் பெரிய நிறுவனங்கள் நேரத்தை வாங்கியிருந்த நிலையத்தில் இது நடந்திருக்காது. தெற்கு மாநிலங்களில் இனங்கள் தனித்தனிப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் தலையணையடியில் ஒரே நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். பகலில் வேற்றுமொழிக் குழுக்களுக்கு நேரத்தை விற்றுப் பிழைத்த பண்பலை நிலையம். 1967 பிப்ரவரியில் லாரி மில்லர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை தன் விருப்பப்படி ராக் இசையை ஓட்ட அங்கே இடம் கிடைத்தது. இரண்டே மாதத்தில் டாம் டானஹியூ வந்து முன்னிரவையும் எடுத்துக்கொண்டார். கட்டற்ற பண்பலை ராக் என்ற வடிவம் அங்கிருந்து பரவியது. நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. பண்பலை 1966இல் பெண்களை மட்டுமே அறிவிப்பாளர்களாக வைத்து ஒரு முயற்சி செய்து அடுத்த ஆண்டே கைவிட்டபோது, தங்கிய ஆலிசன் ஸ்டீல் 1968 தொடக்கத்தில் இரவுப் பணிக்குப் போனார். பெண்ணின் குரலைப் பகல் நேரத்துக்கு நம்பாத தொழிலில் இரவு அவருக்குத் திறந்த கதவாயிற்று. ‘நைட்பேர்ட்’ என்ற பெயரில் அவர் அந்த நகரத்தின் மறக்க முடியாத குரல்களில் ஒன்றானார். இவர்களெல்லாம் பெருநகரத்துக்காரர்கள். சிற்றூர் நிலையங்களில் இதே சுதந்திரத்தைச் சிறிய அளவில் அனுபவித்தவர்களின் பெயர்கள் அந்தந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

கேட்டவர்கள் யார்? ஆலைகளில் இரவு ஷிப்டு பார்த்தவர்கள், செவிலியர்கள், நீண்ட தூர லாரி ஓட்டுநர்கள், முதியவர்கள், நோயாளிகள். சால்ட் லேக் சிட்டியின் கே.எஸ்.எல். நிலையத்தில் ஹெர்ப் ஜெப்கோ 1964இல் தொடங்கிய இரவு அழைப்பு நிகழ்ச்சிக்கு மேற்கு மாநிலங்கள் எங்கும் நேயர்கள் திரண்டார்கள். அவர்கள் தங்களுக்குள் மன்றங்கள் அமைத்து நேரிலும் சந்தித்துக்கொண்டார்கள். அரசியல் சர்ச்சைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. உடல்நலம், பேரப்பிள்ளைகள், வானிலை என்றே பேச்சு போகும். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.எல். 1971இல் சார்லி டக்ளஸை வைத்து லாரி ஓட்டுநர்களுக்கென்றே இரவு நிகழ்ச்சி தொடங்கியது. நாட்டின் பாதிச் சாலைகளின் நிலவரம் ஒரே நிலையத்தில் கேட்டது.

இந்தப் பெரிய நிலையங்களின் வெற்றியே சிறிய நிலையங்களின் இரவு அறிவிப்பாளர்களுக்குப் பாதகமாகவும் முடிந்தது. ஓர் இரவு நிகழ்ச்சியை எல்லா ஊர்களுக்கும் அனுப்ப முடியும் என்று அது காட்டிவிட்டது. மியூச்சுவல் வலையமைப்பு ஜெப்கோவை 1975இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1978 ஜனவரியில் அதே வலையமைப்பில் லாரி கிங் 28 நிலையங்களோடு தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்காகப் பெருகியது. நல்ல நிகழ்ச்சி. ஆனால் அதை எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நிலையத்திலும் பேசுபவருக்கு வேலை போயிற்று, கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும் மிஞ்சினார்.

அந்த ஆளின் இடத்துக்கும் இயந்திரம் முன்பே வந்து காத்திருந்தது. கலிபோர்னியாவின் பால் ஷேஃபர் 1950களிலேயே தானியங்கிக் கருவிகளைச் செய்து விற்றார். பெரிய நாடாச் சுருள்களில் பாட்டுகள்; ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நேயர்கள் கவனிக்காத அளவு தாழ்ந்த 25 ஹெர்ட்ஸ் ஒலி. அந்த ஒலியை உணர்ந்ததும் கருவி அடுத்த சுருளையோ விளம்பர கேட்ரிட்ஜையோ ஓடவிடும். நேரம் சொல்ல இரண்டு நாடாக்கள், ஒன்றில் ஒற்றைப்படை நிமிடங்கள், மற்றதில் இரட்டைப்படை நிமிடங்கள். ஒன்று ஓடும்போது மற்றது அடுத்த நிமிடத்துக்கு நகர்ந்து தயாராகும். இந்தக் கருவிகளுக்குச் சந்தையைப் பெருக்கியது ஆணையத்தின் இன்னொரு விதி. லட்சம் பேருக்கு மேற்பட்ட நகரங்களில் பண்பலை நிலையம் தன் சகோதர மத்திய அலை நிலையத்தின் நிகழ்ச்சியைப் பாதி நேரத்துக்கு மேல் அப்படியே ஒலிபரப்பக் கூடாது என்று 1960களின் நடுவில் வந்த கட்டுப்பாடு அது. தனி நிகழ்ச்சி வேண்டும், தனி ஆளுக்குக் காசில்லை என்ற நிலையில் பலர் இயந்திரத்தை வாங்கினார்கள். மத்திய அலையில் பேசிக்கொண்டிருந்தவர் பக்கத்து அறையில் பண்பலைக் கருவியின் சுருள் தீர்ந்துவிட்டதா என்று இடையிடையே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். 1981இல் சாட்டிலைட் மியூசிக் நெட்வொர்க் முழு நாள் நிகழ்ச்சியையே செயற்கைக்கோள் வழியாக விற்கத் தொடங்கியபோது அந்த எட்டிப் பார்த்தலும் குறைந்தது.

ஆயினும் சட்டம் ஆளைக் கேட்டுக்கொண்டேயிருந்தது. டிரான்சிஸ்டர் கருவிகள் நிலையாக இயங்கத் தொடங்கியபின் அந்தக் கோரிக்கைக்கு அடிப்படை இல்லாமல் போனது. முதல் வகுப்பு உரிமத் தேர்வு 1980களின் தொடக்கத்தில் ஒழிந்தது. 1995இல் ஆணையம் ஒலிபரப்பியை ஆளில்லாமலே இயக்கலாம் என்று அனுமதித்தது. பொறியியல் பார்வையில் அந்த முடிவில் தவறு காண முடியாது. வால்வைக் கவனிக்க வைத்த ஆள், வால்வு இல்லாதபோது தேவையில்லை. அடுத்த ஆண்டு வந்த தகவல்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடெங்கும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதுவரை சுமார் 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்த்துவிட்டது. ஓர் ஊரில் உட்கார்ந்து பல ஊர்களுக்குக் குரல் பதிவு செய்யும் முறை பரவியது. 1997இல் நடைமுறைக்கு வந்த புதிய அவசர எச்சரிக்கை முறை, ஆள் தொடாமலே எச்சரிக்கையை ஒலிபரப்பில் புகுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. இரவு ஆள் செய்துவந்த வேலைகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் மாற்று யோசிக்கப்பட்டது.

ஆள் இருந்த காலத்தில் காவல் குறைவற்று நடந்தது என்று சொல்வது பொய்யாகிவிடும். 1971 பிப்ரவரி 20, சனிக்கிழமை காலை 9.33 மணிக்கு, அவசர எச்சரிக்கைக்கான வழக்கமான சோதனைச் செய்திக்குப் பதிலாக உண்மையான தேசிய அவசரநிலை அறிவிப்பு டெலிபிரிண்டர்களில் தவறுதலாகப் போய்விட்டது. உறையில் முத்திரையிட்டு வைத்திருந்த அன்றைய இரகசியச் சொல்லும் அதில் சரியாகவே இருந்தது. விதிப்படி எல்லா நிலையங்களும் நிகழ்ச்சியை நிறுத்தி அறிவித்திருக்க வேண்டும். ஃபோர்ட் வெய்னின் டபிள்யூ.ஓ.டபிள்யூ.ஓ. நிலையத்தில் பாப் சீவர்ஸ் அப்படியே செய்தார். மிகப் பல நிலையங்களில் வார இறுதிப் பணியாளர்கள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தும் சோதனை என்று விட்டுவிட்டார்கள். சரியான சொல்லோடு அறிவிப்பைத் திரும்பப் பெற 40 நிமிடம் ஆயிற்று. உண்மையான போராக இருந்திருந்தால், நாற்காலியில் ஆள் இருந்தும் நாடு தகவலறியாமல் இருந்திருக்கும்.

இதை மனத்தில் வைத்துத்தான் வடக்கு டகோட்டாவின் மைனாட் ஊரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2002 ஜனவரி 18, அதிகாலை 1.37 மணி. கனடியன் பசிபிக் சரக்கு ரயிலின் 31 பெட்டிகள் ஊரோரத்தில் தடம்புரண்டன. ஐந்து தொட்டிப் பெட்டிகள் வெடித்துப் பிளந்து அம்மோனியா மேகம் வீடுகளின் மேல் கவிந்தது. கடுங்குளிர், பல வீடுகளில் மின்சாரம் போய்விட்டது. ஒருவர் இறந்தார், முந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வெளியே ஓடுவதா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்பதுதான் அந்த நேரத்தில் மக்களுக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே செய்தி. பேட்டரி வானொலியைத் திருப்பியவர்களுக்குப் பாட்டுதான் கேட்டது. ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனலுக்குச் சொந்தம். நிலையத்துக்குப் போன் செய்தோம், எடுக்க ஆளில்லை என்றது காவல்துறை. ஆள் இருந்தார், மக்களின் அழைப்புகளால் இணைப்பு நெரிசலாகிவிட்டது, காவல்துறை புதிய எச்சரிக்கைக் கருவியைச் சரியாக அமைத்திருக்கவில்லை என்றது நிறுவனம். செனட்டர் பைரன் டார்கன் இதை நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பினார். எரிக் கிளினன்பெர்க் ஊடக உடைமைக் குவிப்பைப் பற்றிய தம் நூலை இந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்கினார். இதழாளர் ஜாக் ஷேஃபர், பழியை வானொலியின் மீது மட்டும் போடுவது சரியல்ல என்று மறுத்து எழுதினார்.

இரு தரப்பு வாதங்களையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது. கருவியை இயக்கத் தெரியாத காவல்துறை, ஆளில்லாத அல்லது ஆள் போதாத நிலையம் என இரண்டு குறைகளும் ஒன்றையொன்று பெரிதாக்கின. நிலையம் ஆளைக் குறைத்தது, கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். கருவியோ, அதை முடுக்கிவிட வேண்டிய அதிகாரி பயிற்சி பெற்றிருப்பார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. சைரன் ஒலிக்கிறது, வாசலில் நாற்றம் அடிக்கிறது, பத்துப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள் என்றால், ஒலிவாங்கிக்கு முன் இருப்பவருக்கு நிலைமை புரிந்துவிடும். அவருக்குச் சங்கேதச் சொல் தேவையில்லை. 1971இல் தவறியது தொலைவிலிருந்து காகிதத்தில் வந்த எச்சரிக்கை. உள்ளூர் ஆபத்தில் மனிதனின் பலமே வேறு. 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் டபிள்யூ.டபிள்யூ.எல். அதைக் காட்டியது. போட்டி நிறுவனமான கிளியர் சேனலின் நிலையங்களும் அதனோடு சேர்ந்து, இரு தரப்பு ஊழியர்களும் ஒரே ஒலிபரப்பை நடத்தினார்கள். கூரையில் சிக்கியவர்கள் வானொலிக்குப் போன் செய்து தாங்கள் இருக்கும் இடத்தைச் சொன்னார்கள். அழைப்பை எடுக்க ஆள் இருந்தார்கள்.

செலவுக் கணக்கை நான் ஒதுக்கவில்லை. விளம்பரமில்லாத ஆறு மணி நேரத்துக்கு ஒரு சம்பளம் என்பது சிறு நிலையத்துக்குப் பாரம்தான். பல நிலையங்கள் அந்தப் பாரத்தால் முன்பும் இரவில் மூடியே கிடந்தன. ஆனால் 318ஆம் பிரிவு நடைமுறையில் ஒரு பொதுச் சேவைக்கான செலவை உரிமதாரர்மேல் சுமத்தியிருந்தது. அலைவரிசை பொதுச் சொத்து, அதை இலவசமாகப் பெற்றவர் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும் என்ற கொள்கையோடு அது பொருந்தியும் போனது. 1995இல் அந்தச் செலவு நீக்கப்பட்டபோது மிச்சமான பணத்தில் ஒரு பகுதியாவது உள்ளூர் எச்சரிக்கைக்கும், இரவில் நிலையத்தை அழைத்தால் பதில் சொல்லும் ஏற்பாட்டுக்கும், காவல்துறையோடு கூட்டுப் பயிற்சிக்கும் போக வேண்டும் என்று விதித்திருக்கலாம். ஒலிபரப்பியைப் பற்றிய ஆணை ஒலிபரப்பியைப் பற்றி மட்டுமே பேசியது.

2017 அக்டோபரில், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், நிலையம் தன் ஊரிலோ அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியையும் ஆணையம் ரத்து செய்தது. ஊர் மக்கள் அழைக்க உள்ளூர் எண்ணோ கட்டணமில்லாத எண்ணோ வைத்திருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் நீடிக்கிறது. வழக்கமான அலுவலக நேரத்தில் அந்த அழைப்பை யாராவது எடுக்க வேண்டும் என்கிறது விதி. மற்ற நேரங்களில் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.